அட்ஜஸ்ட் என்று யாரிடம் சொல்வது, அப்பா?

என் ஆசை அப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தாலே "யாருக்கு என்ன ஆச்சு?" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற ஆள் நீங்கள். இப்போது மணி ஒன்றரை. பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. பகலில் எழுத உட்கார்ந்தால் உங்கள் பேத்தி கயல் பேனாவைப் பிடுங்குகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு ஜுரம் இல்லை. இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை தெர்மாமீட்டரும் வைத்துவிட்டேன்.

தெர்மாமீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனபிறகு நடந்தது இது. ஆறு மாதம் முன்னால் கயலுக்கு ஜுரம் ஏறி, என் மடியிலேயே கண் சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சில பிள்ளைகளுக்கு ஜுரம் ஏறும்போது இப்படி வரும், வளர வளர நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் அன்றிலிருந்து தூங்கவில்லை.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் முடிந்தது. அடுத்த மாதம் முதலாமாண்டு. நெடுங்காடு கடைத்தெருவில் பிளெக்ஸ் கட்ட வேண்டுமென்று பெரியப்பா இப்போதே உங்கள் போட்டோ கேட்கிறார். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, கீழே சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாக அடிப்பார்கள். அதில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு உங்களிடம் அழ ஒன்றும் பாக்கியில்லை. கேட்கத்தான் இருக்கிறது. நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன். நீங்களும் முப்பது வருஷம் கண்டக்டராக பஸ்ஸில் நாலு பேர் காதில் விழத்தானே பேசினீர்கள்?

முதலில் செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. புதுச்சேரி அரசாங்கத்தில் எல்.டி.சி., குமாஸ்தா வேலை. நீங்களும் நானும் பிரவுசிங் சென்டரில் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோமே, அதேதான். உங்கள் கருமாதி முடிந்த மூன்றாவது வாரம் பரீட்சை எழுதினேன். ஆர்டர் கையில் இருக்கிறது. போட்டிருக்கிற ஊர் மாஹே.

சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நம்மூரில் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. காரைக்காலில் போடுவார்கள், இல்லாவிட்டால் புதுச்சேரியில் போடுவார்கள். ஏனாமும் மாஹேயும் காகிதத்தில் மட்டும் இருக்கிற ஊர்கள், அங்கே வேறு யாரையோ அனுப்புவார்கள். அந்தத் தைரியத்தில்தான் 'நான்கு ஊர்களில் எங்கு நியமித்தாலும் சம்மதம்' என்கிற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிறோம். நான் தயங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்திலிருந்து நீங்கள்தான் முழங்கையால் இடித்தீர்கள். "டிக்கு போடு ஆயி. மொதல்ல வண்டில ஏறு. சீட்டு எங்கன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

ஏறிவிட்டேன் அப்பா. சீட்டு கேரளாவுக்குள்ளே போய் இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். எர்ணாகுளம் ரயில் ஏறி, அங்கிருந்து இன்னொரு ரயில் மாறி. ஆர்டர் வந்த நாளிலிருந்து பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் என்னிடம் சொல்லப்படுவது ஒரே சொல். ஆளுக்கு ஒரு பொருளில் சொல்கிறார்கள், ஆனால் சொல் ஒன்றுதான். உங்கள் தொழிலின் சொல். அட்ஜஸ்ட்.

மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். அந்தப் புத்தகப் பெட்டியிலிருந்து அகராதியைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். ஒரு பொருளைக் கொஞ்சம் திருப்பியோ நகர்த்தியோ பொருந்தும்படி செய்வதாம். உதாரணம் எல்லாம் நாற்காலி, கண்ணாடி, கடிகாரம் என்று இருந்தது. மருமகள் என்று ஓர் உதாரணம்கூட இல்லை.

நம்மூர் அகராதி அதைவிடப் பெரியது. தையல்காரர் ரவிக்கையின் உள்பக்கம் இரண்டு விரல் துணி விட்டு, "பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்று சொன்னால், நீ பெருப்பாய், அதற்கும் இடம் வைத்திருக்கிறேன் என்று பொருள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். மண்டபத்தூரிலிருந்து மீன் கூடை கொண்டுவருகிற அக்கா, வஞ்சிரம் கேட்டால் நெத்திலியை அள்ளிப் போட்டு "இன்னிக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, கடல் குடுத்ததுதான்" என்பாள். அதிலும் எனக்குக் கோபம் இல்லை. கடல் எனக்கு மட்டுமா குறைத்துக் கொடுத்தது? குழம்பில் உப்பு ஏறிவிட்டால் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு அட்ஜஸ்ட் செய்கிறோம். என் சைக்கிள் பிரேக்கை நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருகித் திருகி அட்ஜஸ்ட் செய்வீர்கள், பிடித்தால் நிற்கவும் வேண்டும், விட்டால் ஓடவும் வேண்டும் என்று.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். காரைக்காலிலிருந்து எல்லை தாண்டுகிற பஸ்ஸில் எவனோ ஒருவன் சீட்டுக்கு அடியில் சரக்கு பாட்டில் பையைத் தள்ளிவிட்டு, "அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பான். பார்க்காதது போல இருங்கள் என்று பொருள். நீங்கள் எல்லைக்கு முந்தின ஸ்டாப்பில் விசில் ஊதிப் பையோடு இறக்கிவிடுவீர்கள். அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளை நீங்கள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதனால்தான் கேட்கிறேன். எனக்கு மட்டும் ஏன் அப்பா அதே பொருளில் சொன்னீர்கள்?

எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியும்.

கயலுக்கு அப்போது எட்டு மாதம். திருமலைராயன்பட்டினத்துப் புகுந்த வீட்டில் எங்களுக்கென்று இருந்தது ஓர் அறை. என் கொழுந்தனார் துபாயிலிருந்து குடும்பத்தோடு லீவில் வந்தார். அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் கயலும் கூடத்தில் படுக்க வேண்டும் என்றார்கள். உங்கள் மாப்பிள்ளைக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட், அவருக்கு எந்த அறையாக இருந்தால் என்ன. கூடத்தில் காற்று இல்லை. வாசல் கதவு திறந்தால் கயல் விழிப்பாள், டி.வி. போட்டால் விழிப்பாள். பால் கொடுக்க மறைவு இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். நான்காம் நாள் உங்களுக்குப் போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன்.

கயல் சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள். "நாலு நாள்தானே ஆயி. அட்ஜஸ்ட் பண்ணிக்க."

நாலு நாள், நாலு மாதம் ஆனது. கொழுந்தனார் திரும்பிப் போனார், குடும்பம் இருந்தது. அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். கையில் பிஸ்கட் பாக்கெட், தோளில் சணல் கயிறு போட்டுக் கட்டிய டேபிள் ஃபேன். நெடுங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடத்தில் அதை வைத்து, கழுத்தைத் திருப்பி, கயல் மேல் நேராகக் காற்று படாமல் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி அட்ஜஸ்ட் செய்தீர்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

நான் இடம் கேட்டேன் அப்பா. நீங்கள் காற்று கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போது கோபப்பட விட்டிருக்க வேண்டாமா? நான் வாய் திறக்கிறதற்குள் ஒரு மாசிமாதக் காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். போன வாரம் இந்த வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். அத்தை, அதான் உங்கள் சம்பந்தியம்மா, கெட்டவர் இல்லை. கயலுக்கு இழுப்பு வந்த அன்று செருப்புக்கூடப் போடாமல் என் பின்னால் ஓடிவந்தவர். ஆனால் மாஹே என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. வேலைக்கே போகாதே என்று சொல்லவில்லை, உள்ளூர் என்றால் தாராளமாகப் போ என்றார். "ஜன்னி வந்த ஒடம்பு புள்ளைக்கு. மொழி தெரியாத ஊருல வச்சுக்கிட்டு என்னா பண்ணுவ? காரைக்கால்லயே எதாச்சும் வரும், ரெண்டு வருசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா." இரண்டு வருஷத்தில் இந்த ஆர்டர் பழைய பேப்பர் என்பது அவருக்குத் தெரியாதா? மாப்பிள்ளை இரண்டு பக்கமும் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்றார். எந்த இரண்டு பக்கம் என்று கேட்டேன். அதற்கு அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர், பார்க்க வேண்டியவரைப் பார்த்தால் மாஹேயைக் காரைக்காலாக அட்ஜஸ்ட் செய்து தருவார்கள் என்று வந்து காதில் ஊதினார். உங்கள் பாட்டில் பைக்காரன் ஞாபகம்தான் வந்தது. அந்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டேன்.

நான் ஆபீஸ் போனால் கயலை யார் பார்ப்பது என்கிற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அம்மா. அம்மா வந்தால் நான் போவேன். வராவிட்டால் ஆர்டரை மடித்து அகராதிக்குள் வைத்துவிட வேண்டியதுதான். ஆனால் பெரியப்பா குறுக்கே நின்றார். தலைத் திவசம் முடியாமல் அம்மா வெளியூர் போய் ராத்தங்கக் கூடாது, நம் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை என்றார். "ஒரு மாசந்தானே. ஆபீசுல சொல்லி அட்ஜஸ்ட் பண்ணிக்க." சொன்னால் வேறு ஆளைப் போட்டு அட்ஜஸ்ட் செய்துவிடுவார்கள் பெரியப்பா என்றேன். வாய் நீளம் என்றார். கண்டக்டர் மகள் என்றேன்.

சனிக்கிழமை அம்மாவை நேரில் கேட்கக் கயலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். காரைக்காலில் நெடுங்காடு பஸ்ஸில் ஏறினால் மூச்சுவிட இடம் இல்லை. கண்டக்டர் யார் தெரியுமா? உங்களோடு மாத்து ஷிஃப்ட் பார்த்த அன்வர் மாமாதான். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கயல் கன்னத்தைத் தட்டிவிட்டு, சீட்டுகளை ஒரு நோட்டம் விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல மாமா, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்று சொல்லிக் கயலை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன்.

"நீ சும்மா இரும்மா" என்றார். இரண்டு பேர் சீட்டில் ஒரு பையை நடுவில் வைத்துக்கொண்டு தாராளமாக உட்கார்ந்திருந்த ஆளிடம் திரும்பினார். "அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட்டு. கைப்புள்ள."

அந்த ஆளுக்குக் கோபம். தானும் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

"டிக்கெட்டு ஊருக்குத்தாண்ணே குடுத்தேன்" என்றார் அன்வர் மாமா. "சீட்டுக்கா குடுத்தேன்?"

பஸ்ஸே சிரித்தது. அந்த ஆளும் சிரித்துவிட்டார். பை மடிக்குப் போனது, நான் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கயல் அதற்கு டாட்டா காட்டினாள். எனக்கு மட்டும் மாமா இடம் கேட்ட விதமே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா டிக்கெட் கிழிக்க வந்தபோது கேட்டேன், நிற்கிறவர்களிடம் நீங்கள் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வீர்களா என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"நிக்கிறவங்கள்ட்டயா? அவங்கள்ட்ட உள்ள போங்க, உள்ள போங்கன்னு சொல்லுவோம். அட்ஜஸ்ட்டுன்னு எதுக்கும்மா சொல்றது? அவங்கள்ட்ட என்னா இருக்கு குடுக்க?"

அவர் பாட்டுக்கு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் பஸ்ஸில் நான் எத்தனை தடவை வந்திருப்பேன்? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நிற்கிற ஒருவரிடமாவது அந்தச் சொல்லை நீங்கள் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கருவை விறகுக் கட்டோடு ஏறிய கிழவிக்கு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, கர்ப்பிணிக்கு, எல்லாருக்கும் நீங்கள் இடம் கேட்டது ஏற்கெனவே இடம் வைத்திருந்தவர்களிடம். வீடுகளில் மட்டும் ஏன் அது தலைகீழாகிறது? அறை இருக்கிறவர்களை விட்டுவிட்டு அறை இல்லாதவளிடம் ஏன் கேட்கிறார்கள்? இதுவரை எந்த வீட்டிலாவது மாமனாரைப் பார்த்து, கொழுந்தனாரைப் பார்த்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பெருமையோடு வீட்டுக்குப் போனேன் அப்பா. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதியை அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கொல்லையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கயலை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்ததையெல்லாம் கொட்டினேன். அப்பா நிற்கிறவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லையம்மா என்றேன்.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. உக்காந்திருக்கவங்கள்ட்டதான் சொல்வாரு. அதுலயும் மொதல்ல எங்கிட்டதான் சொல்வாரு."

எனக்குப் புரியவில்லை. அம்மா சொன்னார். கல்யாணமான புதிதில் உங்கள் பஸ்ஸில் காரைக்காலுக்குப் போவாராம். நெடுங்காட்டில் ஏறும்போது இடம் இருக்கும், ஜன்னலோரம் உட்காருவார். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் யாராவது வயசானவர் ஏறுவார். நீங்கள் பஸ் முழுக்கப் பார்த்துவிட்டு நேராக அம்மாவிடம் வருவீர்களாம். கண்டக்டர் பெண்டாட்டி சொகுசாக உட்கார்ந்துகொண்டு ஊரான் நின்றால் நாலு பேர் பேசுவார்கள் என்று. வாயால்கூடச் சொல்ல மாட்டீர்களாம், கண்ணைக் காட்டினால் போதுமாம். நான் வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"அவரு வண்டில நான் ஒரு நாளும் காரைக்கால் வரைக்கும் உக்காந்து போனதில்ல." குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை அப்பா. ஊர்ச் சேதி சொல்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

இப்போது எனக்கு அந்தப் போன் விளங்கிவிட்டது. ஊருக்கு இடம் தேடிக் கொடுத்தவர் நீங்கள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இடம் போதாதபோது எங்களை எழுப்பித்தான் கொடுத்தீர்கள். அன்று சம்பந்தி வீட்டில் இடம் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை, அதனால் மகளை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். பெண்டாட்டியும் மகளும் நம் ஆட்கள், நாம் சொன்னால் எழுந்துவிடுவார்கள். அதுதானே? நல்ல மனிதர் என்று ஊர் உங்களைச் சொல்லும்போதெல்லாம் அந்த நல்ல பெயரில் அம்மாவின் முழங்கால் வலியும் இருக்கிறது. இதைப் பிளெக்ஸில் போடமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் அழுதேன் போலிருக்கிறது, வெங்காயம் ஒரு சாக்கு. அம்மா உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் தள்ளிவிட்டு, மாஹேக்கு எதில் போக வேண்டும் என்று கேட்டார். ரயில் என்றேன்.

"ரிசர்வேசன் பண்ற சீட்டுல நம்ம பேரு போட்டிருக்கும்ல?"

"போட்டிருக்கும்மா."

"யாரும் வந்து எழுப்ப முடியாதுல்ல?"

"டி.டி.ஆரே வந்தாலும் முடியாதும்மா."

"அப்ப போடு. சன்னலோரமா பாத்துப் போடு."

வருஷம் திரும்பவில்லையே, பெரியப்பா குதிப்பாரே என்று இப்போது பயந்தவள் நான்தான். அம்மா கயலின் வாயிலிருந்து வெங்காயத் தோலை விரல் விட்டு எடுத்தபடியே சொன்னார். "அமாவாசைக்கு ஒங்கப்பாவுக்கு எல போடணும், அவ்ளோதானே? காக்கா மாஹேலயும் இருக்கும்ல?"

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து இந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு பேசினேன். வேண்டுமென்றேதான் உட்காரவில்லை. கயலை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். இந்த வீட்டில் இத்தனை நாள் நின்றுகொண்டிருப்பவள் நான், அட்ஜஸ்ட் என்று என்னிடம் இனி யாரும் சொல்ல வேண்டாம், உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்றேன். மாதம் ஒரு தடவை மாப்பிள்ளை வாராந்திர லீவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மாஹே வரட்டும். அத்தைக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் அவரும் ரயில் ஏறட்டும். அங்கே அறை இருக்கும், அவருக்குக் கட்டில் போட்டுத் தருவேன், கூடத்தில் படுக்கவிட மாட்டேன். கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். இருந்தாலும் சொன்னேன், சொன்னதற்கு வருத்தமில்லை.

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இந்த நிமிஷம்வரை என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று மாலை என் பையில் ஒரு தைல பாட்டிலும் கயலின் கம்பளிக் குல்லாவும் இருந்தன. நான் வைக்கவில்லை. மாப்பிள்ளை அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து கரித்தூள் முகத்தோடு வந்தவர், குளிக்கக்கூடப் போகாமல் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து டி.வி. பக்கத்தில் வைத்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். சைடு லோயர், ஜன்னலோரம், அம்மா பெயரில். எனக்கு ஒன்று இருந்தது, அவருக்கும் ஒரு டிக்கெட் இருந்தது, எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர.

பெரியப்பா போன் செய்து, ஊர் என்ன பேசும் என்று கேட்டார். பேசட்டும். இத்தனை வருஷம் அம்மா நின்றபோது ஊர் ஒன்றும் பேசவில்லையே.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். மாஹேயில் போனிலேயே வீடு பார்த்தபோது ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டேன். நடந்து போகிற தூரம் என்றார்கள். ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் ஏறினால் மலையாளத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறேன். அதுவும் நம் ஊர் மாதிரிதானாம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் வேறு மாநிலம், எல்லை தாண்டுகிற பஸ்ஸில் பாட்டில் பை. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயும் போய் விசில் ஊதியிருப்பீர்கள்.

உங்கள் டேபிள் ஃபேனையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அதே சணல் கயிற்றைத் தேடி எடுத்துக் கட்டியாயிற்று. கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அங்கே புழுக்கமாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமலே இருக்கிறது. ஃபேன் கொண்டுவந்து வைத்த சில மாதம் கழித்து, நான் கேட்காமலே நீங்களாக வந்து, "ஒரு பரீட்சை வந்திருக்கு, கெளம்பு" என்று என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான்கு ஊரில் எங்கே போட்டாலும் சம்மதம் என்று டிக் அடிக்க வைத்தீர்கள். அது மற்றவர்களைப் போல அசட்டுத் தைரியத்தில் செய்ததா? இல்லை, அன்றைக்குப் போனில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தீர்களா? என்னை எழுப்பிவிட்ட குற்றத்துக்கு எங்கேயாவது ஒரு சீட்டுப் போட்டுக் கொடுக்கத்தானா?

முதலாமாண்டுக்கு வருவேன், அம்மாவோடும் கயலோடும். காரைக்காலில் இறங்கி அன்வர் மாமா பஸ்ஸிலேயே நெடுங்காடு வருவோம், அம்மா கடைசி ஸ்டாப்வரை உட்கார்ந்து வருவார். இது சத்தியம். கயல் வளர்ந்து பஸ்ஸில் தனியாகப் போகிற நாளில், உட்கார்ந்திருந்தால் எழுந்து இடம் கொடுக்கச் சொல்லித் தருவேன். நிற்கும்போது அவளிடம் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், அவள் போன் செய்வதற்கு முன்னால் நான் அங்கே இருப்பேன். ஃபேனோடு இல்லை.

அந்த டிக்கைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள் அப்பா. திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

கண்டக்டர் வீட்டுப் பெண்,
உங்கள் ஆயி,
தேன்மொழி